பௌர்ணமியன்று பெண் பார்க்க வந்தவர்கள்

மாப்பிள்ளைக்கு வேலூரில் லீவு கிடைக்குமா என்று பார்த்தோம். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலம் முடிந்துவிடுமா என்று பார்த்தோம். போதகர் ஊரில் இருப்பாரா என்றுகூடக் கேட்டுக்கொண்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமியா என்று மட்டும் ஒருத்தரும் பார்க்கவில்லை. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே வீட்டை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கூத்து எங்கள் குடும்பத்தில்தான் நடக்கும். சபை காலண்டரில் திருவிருந்து ஞாயிறு போட்டிருப்பார்கள். பௌர்ணமி போடமாட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டம்மா மோர்க் கடைக்குப் பந்தல் கட்டுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் கிரிவலக் கூட்டம், எந்தக் காரையும் உள்ளே விடமாட்டார்கள். உடனே வேலூருக்குப் போன் போட்டேன். மாப்பிள்ளையின் அம்மா, "அதனால என்னங்க, கொஞ்சம் நடந்தே வந்துடறோம்" என்றார். நடந்து வந்தால் அந்த மோர்க் கடையைத் தாண்டித்தான் எங்கள் வாசலுக்கு வந்தாக வேண்டும். வெயிலில் வருகிறவர்கள் அங்கே நிற்காமல் வருவார்களா?

பக்கத்து வீட்டம்மாவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது. மழைத்தண்ணீர் தகராறு. எங்கள் மாடித் தண்ணீர் அவர்கள் வாசலில் விழுகிறது என்று ஆரம்பித்தது, வாய் முற்றி, கடைசியில் அந்த அம்மா தெருவே கேட்க, "நிச்சயம் நின்னுபோன வீடுதானே, யாரு வருவாங்க உங்க வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டார். என் மகளுக்கு அதற்கு முந்தின வருடம் ஒரு நிச்சயம் நின்றுபோயிருந்தது உண்மை. பெண் உள்ளே நின்று அதைக் கேட்டாள். ரெண்டு நாள் சாப்பிடவில்லை. என்னை என்ன சொல்லியிருந்தாலும் மறந்திருப்பேன். பெற்ற பெண்ணைச் சொன்னால் எந்தத் தாய் மறப்பாள்?

மறக்கத்தான் வேண்டும் என்றார் எங்கள் போதகர். பந்தல் கட்டியதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். நல்லவர்களிடம் அன்பாக இருப்பது பெரிய விஷயமே இல்லை, சத்துருவிடம் அன்பாக இருக்கிறாயா, அதைச் சொல்லு என்று பேசினார். பிறகு ஒவ்வொருவரும் தன் சத்துருவுக்காக வாய்விட்டு ஜெபிக்கச் சொன்னார். என் முறை வந்தது. ஸ்பீக்கர் பெட்டியோடு சேர்ந்த மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

எங்கள் ஜெபத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவருக்குத் தெரிந்ததையே அவருக்கு விளக்கமாகச் சொல்லுவோம். நானும் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை, நான் என்ன அவ்வளவு மோசமா? "பக்கத்து வீட்டுல மோர் விக்கிற அந்த சகோதரியோட கல் நெஞ்சை உடையும் ஆண்டவரே, அவங்க நாக்கைக் கட்டும் ஆண்டவரே, எம் பொண்ணைப் பேசின பேச்சை மன்னியும்" என்று கண்ணீரோடு ஜெபித்தேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். கண்ணைத் திறந்தபோது பக்கத்து வீட்டில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றிருந்தது.

"மன்னிச்சியா, இல்ல மானத்தை வாங்கினியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். கேசரியில் ரெண்டு தடவை சர்க்கரை போட்டேன். வீட்டுக்காரர் அவர்களை அழைத்து வர முன்னாலேயே போய்விட்டார். பாதை முழுக்கத் தலைகள். நாலு மணிக்குப் போன் செய்து, "இந்தக் கூட்டத்துல ஆளைக் கண்டுபிடிக்க முடியல, அவங்க முன்னாடி வந்துட்டாங்கபோல" என்றார். நான் மாடிக்கு ஓடினேன்.

கீழே மோர்க் கடையில் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை, அவன் அம்மா, அக்கா. கையில் பழப்பை. மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டுப் பக்கம் கையை நீட்டி ஏதோ கேட்டார். பக்கத்து வீட்டம்மா மோரை ஊற்றிக்கொண்டே பதில் சொன்னார். பிறகு ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். அரோகரா சத்தத்தில் ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. மாப்பிள்ளையின் அக்கா முகம் மாறியது. போச்சு, எல்லாம் போச்சு என்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஆண்டவரே, நாக்கைக் கட்டச் சொன்னேனே, கட்டினீரா என்று அவரிடமும் கோபப்பட்டேன்.

கீழே இறங்கிக் கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டம்மா முன்னால் நிற்கிறார். பழப்பை அவர் கையில். பின்னால் மூன்று பேரும். மாதத்திலேயே நல்ல வியாபாரம் நடக்கிற நேரம், கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"வீடு தெரியாம நின்னாங்க. கூட்டிட்டு வந்தேன்" என்று என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "உங்க பொண்ணைப் பத்தித்தான் சொல்லிட்டு வந்தாங்க. முதல் நிச்சயம் நின்னதையும் சொன்னாங்க. அந்தப் பையன் குடிக்கிறது தெரிஞ்சு உங்க பொண்ணுதான் வேணாம்னு சொல்லுச்சாமே. 'நானே கோவத்துல அந்தப் புள்ளையை ஒரு நாள் கேவலமா பேசிட்டேன், அதுக்கப்புறமும் என்னைப் பாத்தா தலையாட்டிட்டுத்தான் போகும்'னு இவங்களே சொன்னாங்க. எங்களுக்கு இதுக்கு மேல என்னங்க விசாரிக்கணும்?"

என் மகள் தலையாட்டுவாள் என்பதே எனக்குத் தெரியாது. என்னிடம் அவள் சொன்னதில்லை. சொன்னால் நான் சும்மா விட்டிருப்பேனா?

அந்த அம்மா, "கடையில ஆளில்ல, நான் வரேன்" என்று திரும்பினார். அதற்குள் மகள் காபித் தட்டோடு வந்துவிட்டாள். பெண் பார்க்க வந்தவர்களுக்குத்தான் முதல் காபி. மாப்பிள்ளையின் அம்மாவும் கையை நீட்டியிருந்தார். என் பெண் அவரைத் தாண்டிப்போய், வாசல் பக்கம் நின்ற அந்த அம்மாவிடம் தட்டை நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா நீட்டிய கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டு, "முதல்ல அவங்களுக்குக் குடுமா" என்றார்.

அந்த அம்மா நின்றபடியே ஒரு வாய் குடித்தார். பிறகு எட்டு மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"சர்க்கரை கம்மி" என்றார்.

"இருங்கக்கா, எடுத்துட்டு வரேன்" என்று சமையலறைக்குப் போனேன். சர்க்கரை டப்பா கண்ணெதிரே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு, சத்தம் வராமல் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதேன்.