மொட்டை மாடியில் ஒன்றேகால் அடி

நான் மூன்றாவது வரைக்கும் படித்தவன். அதிலும் மூன்றாவதில் பாதிதான். ஆனால் பூமிக்குள் எண்ணூறு அடியில் என்ன இருக்கிறது என்று மேலே நின்றுகொண்டே சொல்வேன். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும்போது குழியிலிருந்து பறந்து வருகிற கல்தூளைக் கையில் ஏந்தி, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தால் போதும், இன்னும் எத்தனை ராடு இறக்கினால் தண்ணீர் தட்டும் என்று தெரிந்துவிடும். கருவி வைத்துப் பார்க்கிற படித்த ஆட்கள் சொன்ன இடத்தில் வெறும் புகை வந்திருக்கிறது. நான் காலால் கோடு கிழித்த இடத்தில் தண்ணீர் வந்திருக்கிறது. பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எருமப்பட்டிப் பக்கம் அடுத்தவர் காட்டில் மாடு மேய்த்தவன் நான். பதினாறு வயதில் போர் போடுகிற ரிக் வண்டி ஏறி, ராடு மாட்டுகிற வேலைக்கு ராஜஸ்தான் போனேன். அந்த வெயிலில் இரும்பைத் தொட்டால் தோல் அதோடு போகும். அப்படி வேலை செய்து டிரில்லர் ஆனேன், பிறகு பங்குக்கு ஒரு வண்டி, பிறகு சொந்த வண்டி, இப்போது இரண்டு வண்டி. யாரிடமும் கைகட்டி நின்றதில்லை.

சொந்த வண்டி வந்த மூன்றாம் வருடம் சேலத்துக்குப் பக்கத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இடம் வாங்கினேன். மலைப்பாதை ஏறுகிறவர்கள் எல்லாம் அந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே கீழே இரண்டு, நடுவில் இரண்டு, மேலே இரண்டு என்று ஆறு வீடு கட்டி வாடகைக்கு விட்டேன். கட்டியவர் ஆத்தூர்ப் பக்கத்து மேஸ்திரி. எனக்கு நாலைந்து வயது இளையவர், பேச்சு குறைவு, கண்ணாலேயே மட்டம் பார்ப்பார். மூன்று மேஸ்திரிகளை வேலை நடக்கிற இடத்தில் ஒளிந்து நின்று பார்த்துவிட்டு அவரைத்தான் பிடித்தேன். கம்பி கட்டும்போது நானே பக்கத்தில் நின்றேன். ஒரு கம்பி குறையவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நானே இதை மூன்று நாள் மறந்து போனேன்.

வீட்டைக் கட்டினால் போதுமா? பராமரிக்க வேண்டும். எங்கள் தொழிலில் மழைக்காலம் வந்துவிட்டால் வடக்கே வேலை இல்லை. வண்டிகள் ஊருக்குத் திரும்பும். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்திவிட்டால் பையன்கள் ஏழெட்டுப் பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை மாடிக்கு ஏற்றிவிடுவேன். போன மழைக்கு எங்கே தண்ணீர் தேங்கியதோ, எங்கே ஒழுகியதோ அந்த இடம் முழுக்கப் போர்த்தூளைக் கொட்டி வாட்டம் கொடுத்து, மேலே தட்டு ஓடு ஒட்டி, சந்துக்குச் சிமெண்டுப் பால் ஊற்றுவோம். உள்ளூரில் போடுகிற போர்களின் தூளைச் சாக்குச் சாக்காகப் பிடித்து வைத்திருப்பேன். சும்மா கிடைக்கிற பொருள், கல்லாகவே இருந்த பொருள், மறுபடியும் கல்லாகிவிடும் என்பது என் கணக்கு. எங்கள் ரிக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டு வாசலிலும் களத்திலும் அந்தத் தூள்தான் கிடக்கும்.

அந்தத் தெருவில் வருடம் தவறாமல் மாடிக்கு வேலை செய்கிற வீட்டுக்காரன் நான் ஒருவன்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு வெள்ளை அடிக்கவே யோசிக்கிற ஆட்கள். அவர்கள் கேட்கவே என் பையன்களிடம், "நல்லாத் தடிமனா ஒட்டுங்கடா, நம்ம ஊட்டு மேல யானை நின்னாலும் தாங்கோணும்" என்று சத்தமாகச் சொல்வேன்.

நடுவில் ஒருமுறை மேஸ்திரி அந்த வழியாக வந்தார். மாடி ஏறிப் பார்த்தார். கைப்பிடிச் சுவர் முன்பு இடுப்புக்கு இருந்தது, இப்போது தொடைக்குத்தான் வந்தது.

"மொதலாளி, பழைய ஓட்டப் பேத்து எடுத்துட்டுப் புதுசு போடுங்க. மேல மேல வெக்காதீங்க" என்றார்.

"கட்டுனதோட உன்ற வேலை முடிஞ்சுது மேஸ்திரி. காப்பாத்தறது என்ற வேலை. வா, கீழ போயி டீ குடிப்போம்" என்றேன்.

அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் நான்கு ஆயுத பூஜை வந்தது. நான்காவதில் ஒட்டிய ஓடு காய்ந்து பதினைந்து நாள் இருக்கும். ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பிடித்தது. மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு என் கட்டடத்தின் பின்பக்கம் விழுந்தது. மேல்வீட்டுப் பின்னறையின் கூரை அப்படியே நடுவீட்டின் மேல் இறங்கி, அதையும் இழுத்துக்கொண்டு கீழே போனது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், பெரியவர்கள் வேலையில். மேல்வீட்டு அம்மா மட்டும் வீட்டில் இருந்தார். ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவர். முன்னறையில் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தவர் பின்னறையில் காயப்போட்ட துணியை எடுக்க எழுந்திருக்கிறார். நிலைவாசலைத் தாண்டவில்லை. அதனால் கால் மட்டும் நசுங்கியது, உயிர் தப்பியது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகமெல்லாம் சுண்ணாம்பு. என்னைப் பார்த்ததும் தூக்கியவர்களை நிறுத்தச் சொன்னார்.

"ஏனுங்கண்ணா, மச்சுல விரிசல் உட்டிருக்குதுன்னு ஆடியிலயே சொன்னனுங்களே. நீங்க மேல போயி இன்னொரு வரிசை ஓடு ஒட்டிப்போட்டு வந்து, இனி ஒழுகாது கண்ணுன்னு சொன்னீங்க. ஒழுகவே இல்லைங்கண்ணா. மொத்தமா வந்துருச்சு."

நான் ஓரமாக நகர்ந்து வழிவிட்டேன்.

தெருவில் கூடிய ஆட்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சிமெண்டு குறைவு, கம்பி குறைவு, வெளியூர் மேஸ்திரி ஏமாற்றிவிட்டான் என்றார்கள். அது எனக்கு இனிப்பாக இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து கேட்டபோது நானே சொன்னேன்: "நான் வருசா வருசம் காப்பாத்துன ஊடுங்க. கட்டுனவனைக் கேளுங்க."

மறுநாள் மேஸ்திரியைக் கூட்டி வந்துவிட்டார்கள். ஒரு மஞ்சள் பையோடு வந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தார். பகலெல்லாம் அங்கேதான். புகார் எழுதி நான் கையெழுத்துப் போட்டுவிட்டால் கேஸ் அவர் பேரில் ஏறிவிடும். ஏறினால் ஜெயில். ஜெயிலைவிடப் பெரியது ஒன்று உண்டு: ஆத்தூரிலிருந்து வாழப்பாடி வரைக்கும் அவர் கட்டிய வீடுகளில் இருக்கிறவர்கள் எல்லாம் அன்றைக்கே கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வாரம் வாஸ்து செய்ய இருந்த ஒரு வீட்டுக்காரர் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். முப்பது வருடத்துப் பேர் இரண்டு நாளில் போய்க்கொண்டிருந்தது.

அவர் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்தம்மா கால் எப்படிங்க இருக்கு?" மாடியில் என்னிடம் சொன்ன பேச்சை அவர் ஸ்டேஷனில் வாய் திறந்து சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

வீட்டில் என் மருமகன் கணக்காகப் பேசினார். படித்தவர், சேலத்தில் பெரிய கடை வைத்திருப்பவர்.

"மாமா, கம்பி கம்மியாப் போட்டுட்டான்னு ஒரு வரி எழுதிக் குடுத்துப்போடுங்க. அதோட தீந்துது. நமக்கு வண்டி இருக்குது, பேரு இருக்குது. அவருக்கென்னங்க."

"அவருக்கென்ன இருக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?" என்று என் மனைவி உள்ளிருந்து கேட்டாள். மாப்பிள்ளையிடம் எதிர்த்துப் பேசாதவள் அவள்.

விழுந்த மூன்றாம் நாள் வெயில் அடித்தது. இடிந்ததைப் பார்க்க அரசாங்கத்திலிருந்து ஓர் இன்ஜினியரம்மா வந்தார். என் பேத்தி வயது இருக்கும். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் ஒரு சின்னச் சுத்தியல். இன்ஸ்பெக்டர் புகார்த்தாளோடு வந்தார். மேஸ்திரியையும் கூட்டி வந்து வேப்பமரத்தடியில் நிற்க வைத்திருந்தார்கள். அதுவரைக்கும் கயிறு கட்டி யாரையும் உள்ளே விடவில்லை. அன்றைக்குத்தான் நான் பின்பக்கம் போனேன்.

கூரையில் ஒரு துண்டு முறிந்து, சாய்ந்து, என் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. கத்தியால் வெட்டிய மாதிரி ஓரம் தெரிந்தது. இன்ஜினியரம்மா டேப்பைப் பிரித்தார். அவர் பிரிப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

போர்க்குழியில் என்ன பார்ப்பேனோ அதையேதான் பார்த்தேன். அடியில் ஐந்து அங்குலம் கான்கிரீட். அதற்கு மேலே மேஸ்திரி போட்ட செங்கல் ஜல்லி, அவர் ஒட்டிய முதல் ஓடு. அதற்கு மேலே என்னுடையது. விரலால் தொட்டேன். சாம்பல் நிறத்தில் சர்க்கரை மாதிரி மின்னியது, அது ஓமலூர்ப் பக்கம் போட்ட போர். அதன் மேல் ஓடு. பிறகு கருப்பு, எருமப்பட்டியில் என் தம்பி காட்டில் தொள்ளாயிரம் அடி போய்த் தண்ணீர் வராத குழி. அதன் மேல் ஓடு. பிறகு செம்மண் கலந்த தூள், பிறகு வெள்ளை, பிறகு மறுபடியும் சாம்பல், இப்படியே உச்சி வரைக்கும். எந்த வருடம், எந்தக் காடு, எந்தப் பையன்கள் கொட்டினார்கள் என்று ஒவ்வொரு வரிக்கும் என்னால் சொல்ல முடிந்தது. ஒன்றும் கல்லாகவில்லை. மூன்று நாள் மழையைக் குடித்துவிட்டுச் சேறாகத் தொங்கியது. பிழிந்தால் தண்ணீர் வந்தது.

என் வாழ்நாளில் நான் தப்பில்லாமல் படித்த படிப்பு அது ஒன்றுதான். அதையே என் முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

"ஐயா, தள்ளி நில்லுங்க, விழுந்துரும்" என்றார் இன்ஜினியரம்மா.

"இந்தத் தூளும் ஓடும் ஒன்றேகால் அடி இருக்குமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரியா ஒன்றேகால். எப்படிச் சொன்னீங்க?"

"கொட்டுனவன் நானுங்க."

மருமகன் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். "மாமா, பேசாம வாங்க" என்று காதுக்குள் சொன்னார். நான் அவர் கையை எடுத்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் புகார்த்தாளை நீட்டிக்கொண்டு நின்றார்.

"பேரை மாத்தி எழுதிக்குங்க சார்" என்றேன்.

"யாரு பேருக்குங்க?"

"என்ற பேருக்குத்தான். மேஸ்திரி போட்டது அந்த அடிவரிசை மட்டும். தட்டிப் பாருங்க, மணி மாதிரி கேக்கும். மேல இருக்கறது பூராம் நான் ஏத்துனது. ஏத்தாதீங்கன்னு இந்த மனுசன் அன்னிக்கே சொன்னாரு. டீ வாங்கிக் குடுத்து அனுப்பிப்போட்டேன்."

இன்ஜினியரம்மா குனிந்து சுத்தியலால் அடியில் இருந்த கான்கிரீட்டைத் தட்டினார். நான்கு இடத்தில் தட்டினார். "கான்கிரீட் நல்லாத்தான் இருக்கு" என்றார். நன்றாகக் கவனியுங்கள், அவர் தட்டுவதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். சேலம் ஜில்லாவில் சுத்தியல் தட்டுகிற வரைக்கும் காத்திருக்காமல், தெருவே கூடி நிற்கும்போது, தன் வாயால் தன் பேரைச் சொன்ன வீட்டுக்காரன் வேறு யாராவது இருந்தால் வந்து காட்டட்டும்.

மேஸ்திரி மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் போகவில்லை. போகிற தகுதி அன்றைக்கு எனக்கில்லை.

கேஸ் என் பேரில் ஓடுகிறது. வாய்தாவுக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நேரத்துக்கு முன்னாலேயே போய் நிற்கிறேன். மேல்வீட்டு அம்மாவுக்குக் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நானும் என் மனைவியும் மாறி மாறி இருந்தோம். இனி மிஷின் மிதிக்க முடியாது என்று மோட்டார் மாட்டிக் கொடுத்தேன். பார்க்கப் போனபோது, "கம்பி எத்தனைன்னு எண்ணிப் பாத்தீங்களாண்ணா? இதுமேல ஓடு கீடு ஒட்டிப்போடாதீங்க" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.

முன்பக்கத்து மாடியில் கிடந்ததை எல்லாம் பேர்த்து டிராக்டரில் பதினொரு நடை அள்ளினோம். நானும் மண்வெட்டி பிடித்தேன், இந்த வயதில். பின்பக்கத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். மேஸ்திரிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. நான்கு நாள் எடுக்கவில்லை. பஸ் ஏறி அவர் ஊருக்கே போனேன். வாசலில் கட்டில் போட்டு உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். எதிரில் நின்றார்.

"மேஸ்திரி, நீதான் கட்டிக் குடுக்கோணும். நீ கட்டுனாத்தான் உன்ற பேரு திரும்பும், அது எனக்குத் தெரியும். தப்பு என்றது" என்றேன்.

அவர் காலிச் சொம்பை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தார். பிறகு, "கட்டறேங்க மொதலாளி. ஆனா மாடிக்கதவுக்கு ஒரு பூட்டுப் போடுவேன். சாவி எங்கிட்டத்தான் இருக்கும்" என்றார்.

"என்ற ஊட்டு மாடிக்கா?"

"ஒங்க ஊட்டு மாடிக்குத்தாங்க."

மருமகன் கேட்டிருந்தால் குதித்திருப்பார். நான் சரி என்றேன். இப்போது கட்டடம் பழையபடி நிற்கிறது, பழையதைவிட நன்றாகவே நிற்கிறது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு அவருக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்களிடம் நானே நின்று அவரைப் பற்றிச் சொன்னேன்.

இந்த வருடம் ஆயுத பூஜை முடிந்து மறுநாள் அவர் வந்தார். கதவைத் திறந்து மேலே போனார். நானும் இரண்டு படி ஏறினேன்.

"மொதலாளி, நீங்க கீழயே இருங்க" என்று மேலிருந்து குரல் வந்தது.

நின்றுவிட்டேன். இரண்டு ரிக் வண்டிக்கும் ஆறு வீட்டுக்கும் சொந்தக்காரன், கீழே நின்றுகொண்டு, அவர் மேலே மழைநீர்க் குழாயில் அடைத்திருந்த வேப்பிலைகளை வாருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.