கொசுறாக வந்த பச்சை வலை

எங்கள் வீட்டுக்குச் சைக்கிள் வருவதற்கு ஒரு வருஷம் முன்பே அதன் பெல் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் கேரியர் வந்தது, சீட் கவர் வந்தது, டைனமோவும் விளக்கும் வந்தன, ஸ்டாண்டு வந்தது. சைக்கிள் மட்டும் வரவில்லை. இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். உத்திரமேரூருக்கு ஐந்து மைல் தள்ளியிருந்த எங்கள் ஊரில் அப்போதே யாரும் நம்பவில்லை. நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

எல்லாம் அப்பாவின் ஏற்பாடு. சைக்கிளோடு சேர்த்து மற்ற சாமான்களையும் கேட்டால் கடைக்காரன் நம் ஆசையைக் கண்டுபிடித்து விலையை ஏற்றிவிடுவானாம். சைக்கிளே இல்லாதவன் வந்து பெல் மட்டும் கேட்டால், ஐயோ பாவம் என்று குறைத்துக் கொடுப்பானாம். அதனால் சந்தைக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று, காஞ்சிபுரம் போனால் ஒன்று என்று சில்லறையாகச் சேர்த்துக்கொண்டு வந்தார். பேரம் பேசுவதில் அப்பாவை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. கொசுறு வாங்காமல் எந்தக் கடையை விட்டும் இறங்க மாட்டார். கத்தரிக்காய்க்குக் கறிவேப்பிலை, வெல்லத்துக்கு ஒரு துண்டு வெல்லம், அம்மாவுக்குப் புடவை எடுத்தால் அவருக்கு ஒரு கைக்குட்டை. ஊரில் யார் மாடு பிடிக்கப் போனாலும் அவரைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள். அவரை ஏமாற்றுகிற வியாபாரி இன்னும் பிறக்கவில்லை என்று அவர் எதிரிலேயே பேசுவார்கள். அப்பா காதில் விழாததுபோல மீசையைத் தடவிக்கொள்வார்.

வந்த சாமான்களை வீட்டில் யாரும் சும்மா வைத்திருக்கவில்லை. அம்மா பெல்லை மாட்டுக்கொட்டகை மூங்கிலில் மாட்டச் சொல்லி, சோறு வடித்ததும் இரண்டு தடவை அடிப்பாள். கழனியில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும். கேரியரைத் திருப்பிப் போட்டு அதன்மேல் தண்ணீர்க் குடம். சிவப்புக் குஞ்சம் தொங்கிய சீட் கவரைத் தலையில் போட்டுக்கொண்டு நான் ராணியாகத் திரிந்தேன். டைனமோ மட்டும் மாமாவின் பொறுப்பு. மாமா என்றால் அம்மாவின் தம்பி, அப்போது எங்களோடு இருந்தார். சொந்தச் சைக்கிள் கிடையாது என்றாலும் உத்திரமேரூர் வாடகைக் கடையில் மணிக்கணக்கில் எடுத்து ஓட்டியவர் என்பதால், சைக்கிள் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் அவர்தான் எங்கள் வீட்டு நிபுணர். கவிழ்த்த மாட்டுவண்டிச் சக்கரத்தில் டைனமோவை அழுத்திப் பிடித்து, என்னைச் சக்கரம் சுற்றவைத்து, விளக்கை எரியவிட்டுக் காட்டினார். எரிந்தது என்று அவர் சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

அந்த வரிசையில் ஒருநாள் செய்தித்தாளில் சுருட்டிய ஒரு பொட்டலம் வந்தது. மாமா ஆசையாகப் பிரித்தார். உள்ளே அரைவட்டமாகப் பின்னிய ஒரு பச்சை நூல் வலை. ஓரம் முழுக்கக் குட்டிக் குட்டிக் கொக்கிகள்.

"இன்னா இது, கெண்ட புடிக்கிற வலையா?" என்றார் நிபுணர்.

"ஸ்டாண்டு வாங்கசொல்ல கொசுறா குடுத்தான். கெடக்கட்டும்" என்றார் அப்பா.

கோழிக்குஞ்சுகளைக் கவிழ்த்து மூட அம்மா அதைக் கேட்டாள். பெல்லையும் கேரியரையும் தாராளமாக விட்டுக்கொடுத்த மனிதர், இந்தக் கொசுறை மட்டும் அம்மா கையிலிருந்து வாங்கித் தகரப்பெட்டியில் வைத்து மூடிவிட்டார். சும்மா வந்த பொருள்மேல்தான் அவருக்கு எவ்வளவு பாசம் பார் என்று அம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அந்த வருஷம் நான் எட்டாம் வகுப்பு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு முடிந்துவிடும். ஒன்பதாவது படிக்க உத்திரமேரூருக்குத்தான் போகவேண்டும். பஸ் கிடையாது. பையன்கள் நடந்தோ யாருடைய சைக்கிளிலாவது தொற்றிக்கொண்டோ போவார்கள். எனக்குப் படிப்பென்றால் உயிர். வகுப்பில் முதல் ஆளும் நான்தான், வாயாடியும் நான்தான். ஆனால் வீட்டில் முடிவெடுப்பவர் பெரியப்பா. அப்பாவுக்கு மூத்தவர். நிலம், மாடு, பணம் எல்லாம் கூட்டுக்குடும்பத்தில் அவர் கையில். கெட்டவர் இல்லை. எனக்கு வேர்க்கடலை உருண்டை வாங்கிவராமல் எங்கிருந்தும் திரும்ப மாட்டார். ஆனாலும் பரீட்சை முடிந்த அன்று, பெண்பிள்ளைக்கு எட்டு வரைக்கும் படித்தது போதும், அவ்வளவு தூரம் தனியாக அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அழுதேன்.

அப்பாவோ அண்ணன் சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கால் கிலோ கத்தரிக்காய்க்கு அரைமணி நேரம் வாயாடுகிற மனுஷன், எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே என்று பொருமினேன். நாலு நாள் அவரோடு பேசவே இல்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

வேர்க்கடலை விற்றதும் பெரியப்பா சைக்கிளுக்குப் பணம் கொடுத்தார். எப்படி வாங்கவேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தார். பெரிய சைக்கிள், பார் வைத்தது, உரமூட்டை இரண்டு தாங்கவேண்டும், பால் கேனை மாட்டினால் ஆடக்கூடாது. அப்பா எல்லாவற்றுக்கும் சரிண்ணா, சரிண்ணா என்றார். மறுநாள் காலையில் மாமாவும் அப்பாவும் கிளம்பினார்கள். சாமான் பையைத் தூக்க ஒரு ஆள் வேண்டுமென்று அப்பா என்னையும் கூப்பிட்டார். பை அப்படி ஒன்றும் கனமில்லை. ஆனாலும் கடைத்தெரு பார்க்கும் ஆசையில் நான் கோபத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தேன்.

உத்திரமேரூர் கடையில் மாமா நிபுணத்துவத்தை எல்லாம் காட்டினார். டயரைக் கிள்ளினார், பெடலைச் சுற்றினார், சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கடைசியில் கறுப்பாக, காளை மாதிரி ஒரு சைக்கிளைத் தேர்ந்தெடுத்தார். அப்பா பேரத்தைத் தொடங்கினார். அன்றைக்கு என்னவோ அவர் பேச்சில் காரமே இல்லை. கடைக்காரரும் இறங்கி வரவில்லை. அப்போதுதான் அப்பா மூலையில் தூசு படிந்து நின்ற வேறொரு சைக்கிளைக் காட்டி விலை கேட்டார். பச்சை நிறம். நடுவில் பார் இல்லாமல் வளைந்து இறங்கிய பெண்கள் சைக்கிள். யாரோ ஒரு டீச்சருக்காக வரவழைத்ததாம். அவருக்கு மாற்றலாகிப் போனதில் அப்படியே தங்கிவிட்டதாம். போனால் போதும் என்று கடைக்காரர் மளமளவென்று விலையைக் குறைத்தார். அப்பா மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் சரி என்றார். என் ஆயுசில் ஒரு கடைக்காரரிடம் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மாமா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அது பொம்பள சைக்கிளு. பார் கெடையாது."

"ரெண்டு சக்கரம் கீதா இல்லியா?" என்றார் அப்பா.

கடைக்காரர் சைக்கிளைத் துடைத்துக் கொடுத்தார். பழந்துணியால் தேய்க்கத் தேய்க்கப் பச்சை பளபளவென்று வந்தது. பையில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக மாட்டினார்கள். என்னைப் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளச் சொல்லி, சீட்டை இறக்கு, இன்னும் இறக்கு என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அவரோ ஆறடி. கடைசியாகப் பையின் அடியிலிருந்து அந்தப் பச்சை வலையை எடுத்தார். பின்சக்கரத்தின் மட்கார்டு ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருந்தன. கொக்கிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு துளையில் போய் உட்கார்ந்தன. பாவாடையோ புடவையோ சக்கரத்தில் மாட்டாமல் இருக்கப் பெண்கள் சைக்கிளுக்குப் போடுகிற வலையாம் அது. கொசுறுக்கு அடித்த அதிர்ஷ்டத்தைப் பார் என்று நான் வியந்து போனேன்.

வீட்டில் காட்டிவிட்டுப் பிறகு பூஜை போடலாம் என்றார் மாமா. அப்பா கேட்கவில்லை. வண்டியைப் பூஜை போடாமல் வீட்டுக்கு ஓட்டிப் போகக்கூடாது என்று, கற்பூரத்துக்குக்கூட யோசிக்கிற மனிதர், இரண்டு முழம் பூவும் எலுமிச்சம்பழமும் வாங்கினார். தெருமுனைப் பிள்ளையார் முன்னால் ஹேண்டிலுக்குப் பூ, பெல்லுக்குச் சந்தனம், இரண்டு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம். அவரே தள்ளி நசுக்கினார்.

வீட்டு வாசலில் பெரியப்பா நின்றிருந்தார். சைக்கிளைப் பார்த்தார். குனிந்தும் பார்த்தார்.

"இன்னாடா இது? பார் எங்கடா?"

"கொறஞ்ச வெலைக்கு வந்துச்சுண்ணா. பாரை நான் கவனிக்கல."

"கவனிக்கலியா? இவ்ளோ பெரிய பாரை கவனிக்கலியா? நாளைக்கே எட்துக்கினு போயி திருப்பிக் குட்துட்டு வா."

"பூஜ போட்டாச்சுண்ணா. எலுமிச்சம்பயம் நசுக்கியாச்சு."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். பூஜை போட்ட வண்டியைத் திருப்பி அனுப்புவது, வீட்டுக்கு வந்த லட்சுமியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதுபோல. எங்கள் பக்கத்தில் அதை யாரும் செய்ய மாட்டார்கள். மாட்டுக்குப் பொட்டு வைத்துவிட்டால் அது கறக்காவிட்டாலும் நம்முடையதுதான்.

பிறகு ஒரு மாதம் ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு. அப்பாவின் தலையில் பொம்பளை சைக்கிளைக் கட்டிவிட்டான் கடைக்காரன் என்று டீக்கடையிலும் பால் சொசைட்டியிலும் அதே பேச்சு. அடுத்த தடவை மாடு பிடிக்கப் போனவர்கள் அப்பாவைக் கூப்பிடவில்லை. அவர் பாட்டுக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இறக்கின சீட்டை ஏற்றாமலேயே, முழங்கால் ஹேண்டிலில் இடிக்க இடிக்கச் சொசைட்டிக்குப் பால் கொண்டு போனார். அதுவும் நாலு தெருவைச் சுற்றிக்கொண்டு போவார். பெரியப்பாவால் அந்தக் காட்சியைச் சகிக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்.

"நீ அத ஓட்டாதடா, மானம் போவுது. சும்மா துரு புடிச்சிக்கினு கெடக்கறதுக்கு அந்தப் பொண்ணுகிட்ட குடு. உத்திரமேரூர் பள்ளிக்கூடத்துக்காவது போய் வரட்டும். வண்டி கீது, இன்னும் இன்னா?"

அப்பா தலையைச் சொறிந்தார். "நீ சொன்னா சரிண்ணா" என்றார்.

இப்படித்தான் நான் ஒன்பதாவது சேர்ந்தேன். என்னைப் படிக்க வைத்தது தான்தான் என்று பெரியப்பா கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

போன மாதம் என் மகனுக்குக் கியர் வைத்த சைக்கிள் வாங்கப் போயிருந்தேன். மலையேற்றச் சைக்கிளாம். அவன் ஏறப்போகிற மலை எங்கள் தெரு ஸ்பீட் பிரேக்கர்தான். சைக்கிளைவிட லைட்டு, பூட்டு, பாட்டில் மாட்டுகிற வளையம், தலைக்கவசம் என்று சாமான் பட்டியல் நீளமாக இருந்தது. கையில் இருந்த பணத்துக்குள் முடிக்கவேண்டும் என்பதால் அப்பா வழியில் போகலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்போதுதான் பேச்சுவாக்கில் அந்த வலையைப் பற்றிக் கடைக்காரப் பெரியவரிடம் விசாரித்தேன். அந்தக் காலத்திலேயே அதைக் கடையில் வாங்கி வைக்க மாட்டோம், யாராவது வந்து கேட்டு முன்பணம் கொடுத்தால்தான் வரவழைப்போம் என்றார் அவர். கொசுறாகக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். பெரியவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். நான் கடை வாசலில் வந்து நின்றுகொண்டேன். அழுகையாக வந்தது.

ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையை மூன்று வருஷம் சொன்னவள் நான். சைக்கிளில் பார் இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் வாங்கி வந்த அப்பாவைப்போல நடித்துக் காட்டுவேன். குனிந்து பார்க்கும் பெரியப்பாவாகவும் நானே மாறுவேன். வகுப்பே உருண்டு புரளும். ஒருமுறை தோழிகள் நாலு பேர் வீட்டுக்கு வந்தபோது, அப்பா எதிரில் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். அவர் மாட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டு கேட்டார். அவர்கள் சிரித்தபோது அவரும் சிரித்தார். நான் முடித்ததும், "கடக்காரன் தொடச்சிக் குட்த்தானே, அத வுட்டுட்டியே" என்று நான் மறந்துபோனதை எடுத்துக்கொடுத்தார்.