தண்ணீர் பட்ட கார்பைடு

செல்லத்துரை அண்ணாச்சி போய்விட்டார். காலையில் அவருடைய மகள் போன் செய்தாள். மூன்று மணிக்குப் பீர்மேட்டில் அடக்கம்.

ஃபேஸ்புக்கில் 'நல்ல மனிதர்' என்று எழுதி, அழித்துவிட்டேன். என்னிடம் அவர் நல்லவராக இருந்ததில்லை.

முப்பது வருடம் முன்பு, பீர்மேட்டுப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியின் ஒர்க் ஷாப்பில் நாங்கள் இருவரும் இரும்பு கடையும் டர்னர்கள். ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் துரை வாங்கிப் போட்ட ஒரே லேத். காலை ஷிஃப்ட் அவர், மதியம் நான்.

அவர் பழைய ஸ்டீல் டூலிலேயே ஓட்டுவார். ஸ்டீலைவிடக் கடினமான வெட்டுமுனை, கார்பைடு டிப், வேண்டிய ரோலர் ஷாஃப்ட் எல்லாம் என் தலையில். ஆனால் டிப்பைக் கல்லில் தீட்டி வைப்பது அவர்தான், வேறு யாரையும் தொட விடமாட்டார்.

கார்பைடு ஒழுங்காகத் தேய்ந்தால் பயமில்லை. வெட்டும் விளிம்புக்குக் கீழே மினுமினுவென்று ஒரு கோடு விழும், மெல்ல அகலமாகும். பார்த்துக் கழற்றி மறுபடி தீட்டலாம்.

என் கையில் எதுவும் தேயவே இல்லை... பட்டென்று உடைந்தது.

"என்ன டிப்ளமோ சாரே, இன்னைக்கும் ஒடச்சாச்சா? ஒங்க காலேஜுல ஒடைக்கத்தான் சொல்லிக் குடுத்தானுவளோ?"

ஒர்க் ஷாப்பே சிரிக்கும். சிரித்தவர்களின் பெயரெல்லாம் ஞாபகம் இருக்கிறது. இரண்டு பேர் இதைப் படிப்பீர்கள்.

மேனேஜர் என்னை லேத்திலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார். டிப்ளமோ படித்துவிட்டுக் கிரீஸ் டப்பா எடுத்துக் கொடுத்தேன்.

ஸ்டோர் ஜன்னலிலிருந்துதான் அதைப் பார்த்தேன். அண்ணாச்சி டிப்பைத் தீட்டி, சூடு ஆறுமுன் தண்ணீர் டின்னில் முக்கினார். சுர்ரென்றது.

ஸ்டீல் டூலுக்கு அப்படித்தான் செய்வார்கள். கார்பைடு விரிசல் விட்டுவிடும், கண்ணுக்கே தெரியாது.

இனி அந்த ஷாஃப்ட் வேலையும் அவருக்குத்தான். அவர் கையிலும் ஒன்று உடையட்டும், மேனேஜர் பார்க்கட்டும்... வாயை மூடிக்கொண்டேன்.

நான்காம் நாள் உடைந்தது. துண்டு தெறித்து இடது கண்ணில்.

ஜீப்பில் குமுளி இறங்கி, மதுரை வரைக்கும் என் தோளில்தான் சாய்ந்திருந்தார். கண் போய்விட்டது.

பிறகு அவருக்குக் கேட் டியூட்டி. நான் வேலையை விட்டுக் கிளம்பிய அன்று கேட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படிச்சவுக, நீங்க சொல்லுங்க சாரே. அது ஏன் வெடிச்சுது? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

அந்த 'சாரே'யில் கிண்டல் இல்லை.

"பழைய மெஷின், அண்ணாச்சி. ஆட்டம் ஜாஸ்தி" என்றேன். பஸ் வந்துவிட்டது.

இன்று மகள் சொல்கிறாள்: "கடைசி வரைக்கும் அப்பா அந்த மெஷினத்தான் ஏசிக்கிட்டே இருந்தாவ, மாமா. சாரே சொல்லிட்டாரு, அப்புறம் என்னம்பாவ."

கம்பத்திலிருந்து இப்போது பஸ் ஏறினாலும் மூன்று மணிக்குள் போய்விடலாம். இன்னும் உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருக்கிறேன்...

மெஷின் மேல் தப்பில்லை, அண்ணாச்சி. போய் வாருங்கள்.