'வேர்' என்று முடியும் சொல்

அன்று சவக்காலையில், அந்த ஊர் இடுகாட்டில், அம்மா இருந்தார், அப்பா இருந்தார், தள்ளுவண்டிலில் தங்கச்சி இருந்தாள், நான் இருந்தேன். இல்லாதவர்கள் இரண்டு பேர். டோர்ட்மண்ட் இரும்பாலையில் வேலை செய்த, ஜெர்மன் வாசிக்கத் தெரிந்த சித்தப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. எங்கள் வீட்டுக்காரக் கிழவர் சவக்காலையின் முன்வாசலால் போவதே இல்லை. இந்த இருவரில் ஒருவர் எங்களோடு நின்றிருந்தாலும் இதை எழுத வேண்டி வந்திராது.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஏழு வயது. அப்பா இலங்கையிலிருந்து கப்பலில் கூலியாக வந்து ஜெர்மனியின் ஹம்பர்க்கில் இறங்கி, டோர்ட்மண்டுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் செங்கல் சூளை வேலைக்குச் சேர்ந்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அம்மா பள்ளிக்கூடத்தின் உள்ளே போனதே இல்லை. ஆகவே எங்கள் வீட்டில் எழுத்து என்று எது வந்தாலும், கடிதமோ மருந்துப் போத்தலோ பேருந்து நிலையத்து அறிவிப்போ, அது அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் போன என்னிடம்தான் வரும். நானும் அதை ஓர் உத்தியோகம் போலவே பார்த்தேன்.

ஏழு வீட்டுக் கதவுகள் எங்களைக் கண்டு சாத்தப்பட்ட பிறகு எட்டாவதாகத் திறந்தது அந்தக் கிழவரின் கதவு. சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், தனியாள். மேல்மாடியை எங்களுக்கு விட்டிருந்தார். அந்த வருட வசந்தத்தில் அம்மா வடை சுடும்போது எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்துவிட்டது. சிவப்பு வண்டியில் தலைக்கவசம் போட்ட ஆட்கள் வந்து அணைத்தார்கள். ஒருவர் தங்கச்சியைத் தன் கோட்டுக்குள் பொதிந்து கீழே கொண்டுபோனார். கிழவர் கரிபிடித்த சுவரைப் பார்த்து, எல்லோரும் சுகமா என்று மட்டும் கேட்டார். அடுத்த சனிக்கிழமை தானே தூரிகை எடுத்துவந்து வெள்ளையடித்தார்.

அந்த ஆட்களுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையே என்பது அம்மாவின் மனக்குறை. “அந்தப் பிள்ளையளுக்கு ஒருநாள் என்ர கையால சோறு போடவேணும்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேருந்திலிருந்து வீட்டுக்கு வரும் குறுக்குவழி சவக்காலைக்கு உள்ளால் போகிறது. அந்த ஊர்ச் சனம் அங்கே பூங்காவில் உலாவுவதுபோல் உலாவும். அம்மாவோ தலையைக் குனிந்துகொண்டு விறுவிறென்று நடப்பார், வீட்டுக்கு வந்ததும் எல்லோரையும் குளிக்க வைப்பார். பாதை திரும்பும் இடத்தில் ஆளுயரக் கல் ஒன்று. மேலே ஒரு தலைக்கவசம் செதுக்கியிருக்கும். கீழே பதினான்கு பெயர்கள்.

“இது ஆரெண்டு வாசி தம்பி” என்று ஒருநாள் அப்பா கேட்டார்.

நீளமான சொல். அயின்வோனர்வேர். முன்பாதி எனக்குத் தெரியும். எங்களைப் பதிவு செய்த கந்தோரின் பெயர்ப்பலகையில் அது உண்டு, ஊரில் குடியிருப்பவர்கள் என்று பொருள். பின்பாதியும் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரே 'வேர்' அந்தச் சிவப்பு வண்டியின் பக்கத்தில் எழுதியிருந்தது: ஃபொயர்வேர், தீயணைப்புப் படை. மேலே தலைக்கவசம் வேறு. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

“ஊர் ஆக்களின்ர நெருப்பு நூக்கிற படை அப்பா. சண்டையில செத்தவையாம்.”

“நெருப்போட சண்டைதானே” என்றார் அப்பா.

அம்மா முதல் தடவையாக அங்கே தலையை நிமிர்த்தினார்.

இறந்தவர்களை அந்த நாட்டார் நினைக்கும் நவம்பர் ஞாயிறு ஒன்றில் நாங்கள் படையலோடு போனோம். வாழையிலைக்குப் பதில் அலுமினியத் தாள். சோறு, பருப்பு, ஏழு வடை, வாழைப்பழம், ஒரு கோப்பை கோப்பி. அம்மா கற்பூரம் கொளுத்தினார். நாங்கள் விழுந்து கும்பிட்டு எழும்பியபோது, கறுப்புக் கோட்டும் மலர்வளையமுமாகச் சில முதியவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் அப்பாவின் கையை வெகுநேரம் குலுக்கினார். இன்னொருவர் படம் எடுத்தார்.

“மரியாதை தெரிஞ்ச சனம்” என்றார் அப்பா.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கிழவர் மாடிக்கு வந்து கதவைத் தட்டினார். உள்ளூர்ப் பத்திரிகையை மேசையில் விரித்தார். அதில் நாங்கள். அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கிழவர் சிரிக்கவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார்.

“ஏன் செய்தனீங்கள் எண்டு கேக்கிறார் அம்மா.”

“நெருப்பை நூத்தவை எல்லோ, அதுக்கு நன்றி எண்டு சொல்லு.”

நான் ஜெர்மன் மொழியில் பிழையில்லாமல் சொன்னேன்: அவர்கள் தீயை அணைத்தார்கள், அதற்கு நன்றி.

அவர் என் பக்கம் திரும்பினார். இதை உனக்கு யார் சொல்லித்தந்தது என்று கேட்டார்.

“நானே வாசித்தேன்” என்றேன். அந்தப் பெருமை இப்போதும் காதில் கேட்கிறது.

அவர் பத்திரிகையை நாலாக மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். “படத்தைத் தந்திட்டுப் போகலாம்தானே” என்றார் அம்மா.

வாரக் கடைசியில் கடிதம் வந்தது. மூன்று மாதத்தில் வீட்டை விடவேண்டும். அதையும் நான்தான் வாசித்தேன், அதைச் சரியாகவே வாசித்தேன். அப்பா இரண்டு தடவை கீழே போய்த் தட்டிப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. விஷயத்தைக் கேள்விப்பட்டு வந்த சித்தப்பா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். “எல்லாம் உங்கட வடை மணம்தான் அண்ணி. மனுசன் எவ்வளவு நாளைக்குத்தான் மூக்கைப் பொத்துறது?” அம்மா அதை நம்பினார். இன்றும் நம்புகிறார்.

எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போய், அந்த ஊரின் பழைய பத்திரிகைக் கட்டுகளை நூலகத்தில் புரட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு அந்தப் பகுதியில் சொந்தச் சனத்துக்குள்ளேயே சண்டை. ஒருபக்கம் துப்பாக்கி தூக்கிய சுரங்கத் தொழிலாளர். மறுபக்கம் கடைக்காரரும் உத்தியோகத்தரும் சேர்ந்த ஊர்காவல் படை, அதற்குத் துணையாக வந்த இராணுவம். 'வேர்' என்றால் காவல். கல்லில் இருந்த பதினான்கு பேரும் அந்தப் படைக்காரர். தோற்ற தொழிலாளர் பலர் பிடித்துச் சுடப்பட்டார்கள். கிழவரின் குடும்பப் பெயரோடு பத்தொன்பது வயதுக்காரன் ஒருவன் சுடப்பட்டவர்களின் பட்டியலில் இருந்தான். அவர்களைப் புதைத்தது சவக்காலையின் பின்மதிலோரம், கல் இல்லாமல். அந்தப் பதினால்வரைப் புகழ்ந்து அன்றைய பத்திரிகை எழுதிய வாக்கியத்தை நான் பலமுறை வாசித்தேன்: அவர்கள் தீயை அணைத்தார்கள்.

கிழவரின் வீட்டுக்குப் போனேன். அழைப்புமணிக்குப் பக்கத்தில் வேறு பெயர் இருந்தது.

வீடு மாறிய நாளில் அவர் எங்கள் அலுமாரியின் ஒரு முனையைப் பிடித்து வாசல்வரை இறக்கித் தந்தார். கோபக்காரர் ஏன் சுமை தூக்குகிறார் என்று ஏழு வயதில் எனக்குப் புரியவில்லை. புகையிரதப் பாதையோரம் கிடைத்த புது வீட்டுக்கு வாடகை பழையதைவிட மாதம் எழுபது மார்க் கூட. அப்பா அதை ஒன்பது வருடம் கட்டினார்.