மாஸ்டர் வீட்டுப் புல்லை மிதித்தது யார்?

டிரைவிங் மாஸ்டர் வீட்டுப் புல்வெளிக்கு அவருடைய சொந்த அக்காவே விஷம் வைத்துவிட்டாராம். ரொட்டிக் கடை வரிசையில் எனக்கு வந்து சேர்ந்தபோது அது வெறும் களைக்கொல்லி. நான் சலவைக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆசிட் ஆகியிருந்தது. "அந்தம்மா மருந்துக் கடையில வேலை பாக்குறவங்க. கை நீட்டினா எல்லாம் கிடைக்கும்" என்று ஆதாரம் வேறு. இருமல் மருந்து விற்கிறவர் கைக்குக் களைக்கொல்லி எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் வதந்தியின் ஆயுசு குறைந்துவிடும்.

மாஸ்டரைத் தெரியாதவர்களுக்காக: எங்கள் தெருவில் ஒழுங்காக வண்டி ஓட்டுகிறவர்கள் அவரிடம் கற்றவர்கள். மற்றவர்களைப் பார்த்தாலே கற்கவில்லை என்று தெரியும். எதிரே லாரி வரும்போது மாணவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாலும், "பரவாயில்ல, கண்ணைத் திறங்க, மெதுவா பிரேக்" என்பார். அப்படிப்பட்ட மனிதர், தபால்காரர் குறுக்கு வழி என்று ஒரு காலைப் புல்லில் வைத்துவிட்டால் ஜன்னலைத் திறந்து தெருவையே கூட்டிவிடுவார்.

குளிர் விட்டு முதல் வெயில் அடித்ததும் ஊரே வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து புல்லுக்கு மொட்டை போடும். மாஸ்டர் காத்திருப்பார். நான்கு விரல் உயரத்துக்குக் கீழே இறங்கமாட்டார். வெட்டிய துணுக்கை அங்கேயே விட்டுவிடுவார், அது புல்லுக்குச் சாப்பாடாம். கோடை முடிந்து இரவுகள் குளிர ஆரம்பித்ததும், மண்ணில் சூடு மிச்சமிருக்கும்போதே வழுக்கை விழுந்த இடங்களில் விதை தூவுவார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: உறைபனி படிந்த காலையில் புல்லை யாரும் மிதிக்கக் கூடாது. உறைந்த புல் கண்ணாடி மாதிரி, கால் பட்டால் உள்ளுக்குள் நொறுங்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து மிதித்த இடம் மட்டும் பழுப்பாகக் காய்ந்து நிற்கும்.

"பனி விழுந்துட்டா என் வீட்டுலயே நான் வாடகைக்கு இருக்கிற மாதிரி ஓரமா நடந்து போவேன்" என்பார் அவர் மனைவி.

அக்கா இருப்பது அடுத்த வீட்டில், நடுவில் ஒரு குட்டை வேலி. அவர் தோட்டத்தில் மஞ்சள் பூப் பூத்துப் பஞ்சாகப் பறக்கும் களை ஏராளம். அந்தப் பஞ்சு காற்றில் கிளம்பி நேராக மாஸ்டர் புல்லில் இறங்கும். ஒருநாள் அக்கா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மாஸ்டர் வேலி தாண்டிப் போய் அத்தனையையும் வேரோடு தோண்டி எடுத்துவிட்டார். அக்காவுக்கு அந்தப் பூ என்றால் உயிர். அன்றிலிருந்து இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை.

வதந்தியைச் சரிபார்க்கப் போனேன். புல்லில் பழுப்புத் திட்டுகள் உண்மைதான். ஆனால் விஷம் இப்படி அடி வைத்து நடக்காது. அவை காலடித் தடங்கள், அதுவும் ஓடிய காலடிகள். மாஸ்டரின் வாசலில் தொடங்கி அக்காவின் வேலியில் முடிந்தன. பாதி வழியில் இடது கால் செருப்பு கழன்றிருக்கிறது. அதற்கப்புறம் ஐந்து விரலும் அச்சாகத் தெரிந்தன.

"தபால்காரரா இருக்கும்" என்றார் மாஸ்டர், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஒத்தைச் செருப்போடவா வர்றார்?"

"இந்தக் காலத்துல யாரை நம்ப முடியுது?"

அக்காவிடம் போனேன். கையில் மாவுக்கட்டு. விஷ வதந்தி இன்னும் அவர் காதுக்குப் போகவில்லை, அந்தப் புண்ணியம் எனக்குக் கிடைத்தது.

"விஷமா? வேலைக்குக் கிளம்புறேன், வாசப்படியில பனி. வழுக்கி விழுந்தேன். இவன்தான் ஓடி வந்தான், ஒத்தைக் காலு வெறுங்காலா. பாடம் சொல்லிக் குடுக்கிற வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. கண்ணாடியப் பாரு, சிக்னலப் பாருன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டே ஓட்டினான்."

"நீங்க அவரைக் கூப்பிட்டீங்களா?"

"தம்பின்னு கத்தினேன். அதுக்காக அவனைக் கூப்பிட்டதா அர்த்தமில்ல. வலியில வாய்க்கு வந்தது."

சொன்னவர் சட்டென்று எழுந்து வேலிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். இதைத் தவறவிட்டால் நான் எழுதுவதற்கே லாயக்கில்லை.

"டேய், நான் விஷம் வெச்சேன்னு தெருவே பேசுதாம். உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்க்கா."

"அப்ப வாயில பூட்டா போட்டிருந்த?"

"நானே மிதிச்சேன்னு எப்படிக்கா சொல்றது? இந்தத் தெருவுல நான் யாரைத் திட்டாம விட்டேன்? தபால்காரர் என் மூஞ்சியில துப்ப மாட்டாரா?"

"துப்பட்டும். புல்லுல படாம தள்ளி நின்னுக்கோ."

மாஸ்டரின் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

அக்கா தீர்ப்பு சொன்னார். "குப்பை வண்டி வர்ற அன்னிக்கு எல்லாரும் வாசல்ல நிப்பாங்க. அப்ப சத்தமா சொல்லணும். நான்தான் மிதிச்சேன், எங்கக்கா ஒண்ணும் பண்ணலன்னு."

"சொல்லலைன்னா?"

"மறுபடி பேச மாட்டேன். எனக்கு அது பழக்கம்தான்."

அந்த நாளும் வந்தது. மாஸ்டர் தலை வாரி, சட்டையை உள்ளே விட்டு, வாசலில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்த அதே நொடியில் வண்டி பக்கத்து வீட்டுத் தொட்டியைத் தூக்கி உதற, உள்ளே இருந்த பாட்டிலெல்லாம் சேர்ந்து முழங்கின. மாஸ்டரின் உதடு அசைந்ததை எல்லோரும் பார்த்தோம். வண்டி நகர்வதற்குள், குளிர் தாங்காமல் தெரு உள்ளே போய்விட்டது.

"சொல்லிட்டேன்" என்றார் மாஸ்டர்.

"யார் காதுல விழுந்துச்சு?"

"வண்டி சத்தம் போட்டா அதுக்கு நானா பொறுப்பு?"

"நீ பாத்துப் பாத்து அந்த நேரத்துல வாயத் திறந்தா யாரு பொறுப்பு? இது கணக்குல வராது. பாக்கி பாக்கிதான்."

இந்த வழக்கு தினமும் காலையில் வேலியோரம் நடக்கிறது. பேச மாட்டேன் என்ற அக்கா, பாக்கியை வசூலிக்கப் பேசித்தான் ஆகவேண்டியிருக்கிறது. இன்று காலை நான் ரொட்டி வாங்கப் போகும்போதும் இரண்டு பேரும் அங்கேதான் நின்றார்கள்.

"எப்படா சொல்லப் போற?"

"அடுத்த வாரம்க்கா. கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கு."