கொம்பில்லாத காளையின் கன்றுகள்

மாட்டு வால்மயிர் வரும் உறைகளைத் திறக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளப் பழகியிருந்தேன். வேரோடு பிடுங்கி அனுப்புங்கள் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டாலும் பண்ணைக்காரர்கள் கத்தரியால் வெட்டிச் சாணியும் நாற்றமுமாக அனுப்புவார்கள். வேரில்லாத மயிரில் மரபணுவுக்கு நான் எங்கே போவது?

இரண்டாயிரங்களின் பிற்பாதியில், லண்டனில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. இறைச்சி மாட்டுக் காளையொன்று கொம்பில்லாத தன்மையைத் தாய் தகப்பன் இருவரிடமும் வாங்கியதா, ஒருவரிடம் மட்டுமா என்று மரபணு அடையாளங்களை வைத்துச் சொல்லவேண்டும். இருபக்கமும் வாங்கிய காளையின் கன்றுகள் எல்லாம் கொம்பில்லாமல் பிறக்கும். ஒருபக்கம் என்றால், கொம்புள்ள பசுக்கள் ஈனும் கன்றுகளில் பாதிக்குக் கொம்பு வரும். அது முளைக்கும் இடத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டுவிடுவார்கள். அந்தக் கொடுமை ஒழியட்டும் என்றுதான் சாணியைச் சகித்துக்கொண்டேன்.

ஒரு பண்ணைக்காரர், இருபக்கமும் கொம்பில்லாதது என்று காளையை விளம்பரப்படுத்திவிட்டு, பிறகுதான் மயிரை அனுப்பினார். ஒருபக்கம்தான் என்று வந்தது. திரும்பவும் செய்தேன், அதேதான். ஒரு கன்றுக்கும் கொம்பில்லை, உங்கள் சோதனைதான் பிழை என்று போனில் கத்தினார். வாடிக்கையாளர் என்றால் குழைந்துபோகும் எங்கள் மேலாளர், முடிவை மாற்று, இல்லையென்றால் வேறு வேலை பார் என்றார். அடையாளங்கள் எப்போதாவது ஏமாற்றுவதுண்டு.

"என்ன பிள்ளை, கொம்பு உமக்கே முளைக்கப்போகுது? மாத்திக் குடுத்துப்போட்டுப் பேசாமல் இரும்" என்றார் பக்கத்து மேசை யாழ்ப்பாணத்து அண்ணை.

"ஏலாது அண்ணை. கண்டுகளை ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

கன்றுகளைப் பார்த்தால் நானே மாற்றுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, மேலாளர் தன் காரிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு லண்டன் விளிம்பிலுள்ள ஹரோவையும் தாண்டிப் போனார். பண்ணை வாசலிலேயே பெரிய பலகை: இங்கே கன்றுகளைச் சுடுவதில்லை. புல்வெளியில் ஒரு கன்றின் தலையிலும் கொம்பில்லை. மேலாளர் என்னை முறைத்தார். ஒரு கன்று வந்து என் கோட்டுக் கையை நக்கியது. காதுக்கு மேலே சுருள்மயிருக்குள் விரலை விட்டேன். வட்டமாகப் பொருக்கு. மற்றப் பக்கமும் அதே வட்டம். கன்று துள்ளி விலகியது. விரலில் சீழ் ஒட்டியிருந்தது. சுட்ட புண்தான்.

பண்ணைக்காரர் கொஞ்சமும் கூசவில்லை. வாங்குகிறவர்கள் தலையைத் தடவியா பார்க்கிறார்கள் என்று சிரித்தார்.

திரும்பும் வழியில் மேலாளருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எங்கள் சோதனையில் பிழையில்லையாம். என் வேலையும் பிழைத்தது, முடிவும் மாறவில்லை. அந்தப் பலகையைப் பற்றி எங்காவது முறையிட வேண்டாமா என்று கேட்டேன். நல்ல வாடிக்கையாளர், விடு என்றார். தூ!

கொஞ்ச நாளில் அதே பண்ணையிலிருந்து இன்னொரு காளையின் மயிர் வந்தது. கழுவித் துடைத்து, ஒவ்வொன்றும் வேரோடு, சாணி ஒரு பொட்டுக்கூட இல்லாமல். அந்த உறையை மட்டும் என்னால் தொட முடியவில்லை.