மணி அடிக்காத எடை

கைக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் கட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாமா லிஃப்டுக்குள் போகிறார். ஒவ்வொன்றும் இருபது கிலோ. வைத்துவிட்டு வந்து அடுத்த இரண்டு. இப்படி ஐந்து நடை. அப்புறம் ஒரு ஐந்து கிலோ, ஒரு இரண்டு கிலோ, கடைசியாக ஒரு ஒற்றைக் கிலோ. மொத்தம் இருநூற்றெட்டு. எல்லாம் உள்ளே போனதும், குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறவரைப் போல வலது காலை முதலில் வைத்து, தானும் ஏறுகிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மூச்சைப் பிடித்தால் எடை குறையாது என்று அவருக்கும் தெரியும்.

அந்த லிஃப்ட் முந்நூறு கிலோ வரை வாய் திறக்காது. தாண்டினால் ஓவர்லோட் மணி அலறும், கதவு மூடாது. ஆகவே மாமா தொண்ணூற்றிரண்டு கிலோவுக்குள் இருக்கும்வரை நிசப்தம். ஐந்து விநாடி அந்த நிசப்தத்தைக் கேட்டுவிட்டு, "சரி, இன்னிக்கும் தப்பிச்சேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு, கட்டிகளை ஒவ்வொரு ஜோடியாக வெளியே கொண்டுவந்து பழைய இடத்தில் அடுக்குவார். காலை ஏழே முக்காலுக்குத் தொடங்கினால் எட்டு மணிக்குள் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

வீட்டில் எடை பார்க்கும் கருவி இருக்கிறது. ஆனால் அதன் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. "அது கிராம் கணக்குல மனுசனை மிரட்டும் மாப்ள. காலைல ஒண்ணு சொல்லும், சாயங்காலம் ஒண்ணு சொல்லும். இது ஆமா, இல்லை, அவ்ளோதான். முடிஞ்சுது பேச்சு."

மாமா என்றால் என் அக்காவின் கணவர். நாற்பத்து நான்கு வயது. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மெக்கானிக். புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க எங்கள் பட்டறையில் நிறுத்தியிருக்கும் லிஃப்டில்தான் இந்தத் தினசரி வழிபாடு. பட்டறைக்கு மேலே கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறையில், புகார் வாங்கும் மேசையில் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட மாமா சொல்லித்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. இதை நான் யாரிடமும் முதலில் சொல்வதில்லை.

தொண்ணூற்றிரண்டுக்கு ஒரு காரணம் உண்டு. லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த இருட்டுக் கிணற்றை ஷாஃப்ட் என்பார்கள். அதற்குள் இறங்கி வேலை செய்கிறவர் கட்டும் சேஃப்டி பெல்ட், கருவிப் பையோடு சேர்த்து நூறு கிலோவுக்கு மேல் தாங்கும் என்று கம்பெனி கையெழுத்துப் போடாது. பை எட்டு கிலோ. மாமா ஒரு காலத்தில் நூற்று இருபத்தொன்று. பெல்ட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு ஸ்டோர் ரூமில் உட்காரவைத்துவிட்டார்கள். "ரெண்டு வருசம் நட்டுக்கும் போல்ட்டுக்கும் காவல் இருந்தேன்டா. எலி கூட என்னை மதிக்கல" என்பார். பதினேழு வயதிலிருந்து ஷாஃப்டுக்குள் தொங்கிய மனிதருக்கு நாற்காலி ஒரு தண்டனை.

பிறகு எடை குறைக்கும் அந்த ஊசி வந்தது. வாரம் ஒன்று, வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும். கம்பெனிக் காப்பீட்டில் கிடைத்தது. ஒரே டாக்டர், ஒரே பெஞ்சு, ஒரே நாள். நானும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் தொடங்கினோம். பதினான்கு மாதத்தில் அவர் எண்பத்தேழுக்கு வந்தார். நான் இருபத்திரண்டு கிலோ இறங்கினேன். அப்புறம் காப்பீட்டுக்காரர்கள் போதும் என்றார்கள். இருவருக்கும் ஒரே வாரத்தில் ஊசி நின்றது.

நின்று பதினோரு மாதம் ஆகிறது. எனக்குப் பத்தொன்பது கிலோ திரும்பி வந்துவிட்டது. மாமா எண்பத்தொன்பதுக்கும் தொண்ணூற்றொன்றுக்கும் நடுவில் நிற்கிறார்.

ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்ப ஏறும் என்று நான் நிறையப் படித்திருக்கிறேன். பசியைத் தூண்டும் ஹார்மோன்களைப் பற்றி அக்காவுக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அப்போது அதை எனக்கு ஆறுதலாகப் படிக்கிறேன் என்றுதான் நினைத்தேன். மாமாவின் இடுப்பை நான் எவ்வளவு நாளாக அளந்துகொண்டிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. அவருடைய பெல்ட்டில் எத்தனையாவது துளை என்று எனக்குத் தெரியும். என்னுடையதில் எத்தனையாவது என்று பார்த்து மாதங்கள் ஆகின்றன.

அவருக்குப் பசிக்காமல் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "ஊசி போட்டப்போ பசி பக்கத்து வீட்டு டிவி மாதிரி. கேக்கும், ஆனா நம்ம வீட்டுல இல்லை. இப்ப நம்ம ஹால்லயே வந்து சத்தமா வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு." அதற்கு அவர் கண்டுபிடித்த வழி என்னுடைய மேசையிலிருந்து எடுத்தது. லிஃப்ட் நின்றுவிட்டது என்று யாராவது கூப்பிட்டால் நாங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: உள்ளே ஆள் மாட்டியிருக்கிறாரா? மாட்டியிருந்தால் உடனே வண்டி கிளம்பும். விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை என்றால் வரிசையில்தான். பதினோரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும் வரும்போது மாமா வயிற்றைத் தட்டி, "ஆள் மாட்டியிருக்கா?" என்று கேட்பார். ஒரு நிமிடம் காத்திருப்பார். "இல்லையாம். ஃபேன் ஓடலையாம். ஒரு மணிக்கு வர்றேன்னு சொல்லு" என்று பிஸ்கட்டை என் பக்கம் தள்ளிவிடுவார். நாளுக்கு அறுபது முறை அந்தக் கேள்வியைக் கேட்கிறவன் நான். என் வயிற்றிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. பிஸ்கட்டையும் தின்றேன்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் முதலில் முட்டை, பிறகு காய், கடைசியில் ரொட்டி. வரிசை மாறாது. கடைசி ரொட்டியில் ஒரு துண்டை வேண்டுமென்றே விட்டுவிடுவார். "தட்டு காலியானாத்தான் சாப்பாடு முடியும்னு எங்கம்மா பழக்கிட்டாங்க. இப்ப நான் முடிச்சாத்தான் முடியும்."

படிக்கட்டு வேறு. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் ஏறுவதும் இறங்குவதும் நடந்துதான். போன மாதம் ஒன்பது மாடிக் கட்டடத்திலிருந்து ஒரு அம்மாள் எனக்குப் போன் செய்தார். "ஏங்க, உங்க மெக்கானிக் லிஃப்டை ரிப்பேர் பண்ணி முடிச்சுட்டு, தான் மட்டும் படியில இறங்கிப் போறாரே, எங்களையெல்லாம் என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?" அன்று மாலைக்குள் அந்தக் கட்டடமே படியில் இறங்கியது. மேற்பார்வையாளர் கூப்பிட்டுத் திட்ட, அன்றிலிருந்து மாமா வேலை முடிந்ததும் அங்கிருப்பவர்கள் பார்க்க லிஃப்டில் கீழே வந்து, கும்பிடு போட்டுவிட்டு, அவர்கள் போனதும் மறுபடி மேலே நடந்து போய் நடந்து இறங்குகிறார்.

தாடைக்குக் கீழே தோல் தொங்குகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன, சுகரா?" என்கிறார்கள். "இல்லை, அழகு" என்பார். அக்கா என்னிடம், "உங்க மாமாவைப் பாருடா. படிச்சவனுக்கு இருக்க வேண்டிய கட்டுப்பாடு" என்று பாதியில் நிறுத்துவாள். அந்த மீதிப் பாதியை நானே பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன்.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவின் சின்ன மகளுக்குப் பிறந்தநாள். மகள் ஊட்டிவிட்டாள் என்று மாமா ஒரு துண்டு கேக் சாப்பிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை மணி அலறியது.

நான் மேலே ஜன்னலில் நின்றிருந்தேன். மாமா வெளியே வந்தார். கட்டிகளை எண்ணினார். சரியாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அலறியது. போனை, சாவியை, பெல்ட்டைத் தரையில் வைத்துவிட்டு ஏறினார். அலறியது. நாற்பத்து நான்கு வயது மனிதர் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்குள் நின்றார்.

என் ஜன்னலிலிருந்து பார்த்தால் லிஃப்டின் கூரை தெரியும். கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. கூரைமேல் ஒரு பச்சை நிறக் கருவிப்பெட்டி இருந்தது. சனிக்கிழமை பயிற்சிக்கு வந்தவர்கள் மறந்துவிட்டுப் போனது. ஆறேழு கிலோ இருக்கும். கயிற்றில் எது தொங்கினாலும் அந்த லிஃப்டுக்கு எடைதான், உள்ளே இருந்தாலும் மேலே இருந்தாலும். காரணமில்லாமல் மணி அடித்தால் எந்த மெக்கானிக்கும் முதலில் கூரையைப் பார்ப்பான். மாமாவே அதைப் புது ஆட்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார். அன்று அவர் தன் வயிற்றைப் பார்த்தார்.

பெட்டியை நான் வைக்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். 'மாமா, மேலே பாருங்க' என்பது மூன்று சொல். அது தொண்டைவரை வந்தது. அதற்கு முன்னால், சொல்லக் கூசுகிறது, நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்து உட்கார்ந்தது, நீண்ட பயணத்தில் பக்கத்து இருக்கைக்குத் துணை கிடைத்ததைப்போல.

மாமா படியேறி என் அறைக்கு வந்தார். "ஒரு துண்டு கேக்குக்கு இவ்ளோ ஏறுமா மாப்ள? நீ படிச்சவன், சொல்லு."

"சில பேருக்கு ஏறும் மாமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். என் வார்த்தையை அவர் சோதித்துப் பார்க்கவில்லை. தெருமுனை மருந்துக்கடையில் எடை பார்க்கும் இயந்திரம் இருக்கிறது, அங்கும் போகவில்லை. நேராக மேற்பார்வையாளரிடம் போய், "இன்னிக்கு என்னை ஷாஃப்டுக்கு அனுப்பாதீங்க சார். மணி அடிச்சுருச்சு" என்றார்.

"யாருய்யா உன்னைக் கேட்டா? மாசக் கடைசில எடை பாக்கும்போது பாத்துக்கலாம்."

"அடிச்சா கதவு மூடக் கூடாது சார். எனக்குன்னு தனிச் சட்டமா?"

அன்று முழுக்க ஸ்டோர் ரூமில் இருந்தார். டப்பா திறக்கப்படவில்லை. செவ்வாய்க்கிழமை காலை மறுபடி ஏறினார். மறுபடி அலறியது. பதினொன்றுக்கு டீ வந்தபோது வயிற்றைத் தட்டவில்லை, எதையும் கேட்கவில்லை. அக்கா போன் செய்தாள். "என்னடா ஆச்சு உங்க மாமாவுக்கு? ரெண்டு நாளா தட்டைத் தொடல. கடன் வாங்கியாவது ஊசி போட்டுக்கலாமாங்கறாரு. தான் கேக் குடுத்ததாலதான்னு குழந்தை அழுதுக்கிட்டு இருக்கு."

மூன்று மணிக்கு மேற்பார்வையாளர் ஒரு படிவத்தை என் மேசையில் வைத்தார். மாமாவை ஷாஃப்ட் வேலையிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றும் படிவம். "தொல்லை தாங்கல, அவரே கேக்கறாரு. டைப் அடிச்சு அஞ்சு மணிக்குள்ள தலைமை ஆபீசுக்கு அனுப்பிடு." அது போய்விட்டால் மறுபடி பெல்ட் கட்ட ஆறு மாதம், புதிதாக ஒரு மருத்துவச் சோதனை. அவருடைய வேலை எண்ணைத் தட்டினேன். பெயர் என்ற இடத்தில் கை நின்றது.

ஸ்டோருக்குப் போனேன். ஆணிகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது.

"மாமா, கேக் இல்லை. லிஃப்ட் மேல டூல் பெட்டி இருக்கு."

கை நின்றது. "எப்ப பாத்த?"

"இப்பத்தான்..." என்று தொடங்கி, "நேத்து" என்றேன். "நேத்து காலைல. நீங்க உள்ள நிக்கும்போதே."

"நான் மேல வந்து கேட்டேனே. அதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி."

கையிலிருந்த ஆணியை அதன் குவியலில் வைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் கழட்டி வெச்சது பெல்ட்டு, செருப்பு" என்றார் மெதுவாக. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா எதைக் கழட்டியிருப்பேனோ." எழுந்து, டப்பாவைத் திறந்து, நின்றபடியே ஒரு முட்டையை இரண்டாகக் கடித்து விழுங்கினார். "ஏன்டா?"

"உங்களுக்கு ஏறலையே மாமா" என்றேன். "எனக்கு ஏறிடுச்சே."

மென்று முடித்தார். வாயைத் துடைத்தார். பிறகு அலமாரிக் கொக்கியிலிருந்து சேஃப்டி பெல்ட்டை எடுத்துத் தோளில் மாட்டினார். தொடைப் பட்டைகளை இறுக்கினார். மார்புக் கொக்கியைப் பூட்டினார். திங்கட்கிழமை விட்டுப்போன வேலை இரண்டு கட்டடங்களில் காத்திருந்தது. முதுகுப் பக்கத்தில், உயிரைத் தாங்கும் கயிற்றை மாட்டுகிற வளையம் ஒன்று உண்டு. அதைக் கட்டியவரால் எட்டிப் பார்க்க முடியாது. இன்னொருவர்தான் இழுத்துப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். மற்ற மெக்கானிக்குகள் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். மேற்பார்வையாளர் பக்கத்து அறையில்தான் இருந்தார், கூப்பிட்டிருக்கலாம்.

மாமா என் பக்கம் முதுகைத் திருப்பி, இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்று விலக்கி நின்றார்.